ஒளி பட்டால் ஓடும் துகள்கள்

புற்றுநோயைத் தேடிப்போய் அழிக்கும் நானோ ரோபோ என்று ஒரு செய்தியை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். கூடவே ஒரு படமும் இருந்திருக்கும்: எட்டுக் கால், இரண்டு கண், கையில் ஊசி, சுற்றிலும் மிதக்கும் சிவப்பணுக்கள். அந்தப் படத்தை முதலில் ஒதுக்கிவையுங்கள். அப்படி ஒரு பொருள் எந்த ஆய்வகத்திலும் இல்லை.

உண்மையில் இருப்பது ஒரு துகள். கண்ணுக்குத் தெரியாத அளவு. காலோ கண்ணோ பேட்டரியோ கிடையாது. ஒரு சொட்டு நீரில் அதைப் போட்டு வெளிச்சம் காட்டினால் ஓடுகிறது. வெளிச்சத்தை அணைத்தால் நிற்கிறது. ஆயிரக்கணக்கில் போட்டால் கூட்டம் கூடுகிறது. இதற்குப் பெயர் நானோமோட்டார். இது எப்படி ஓடுகிறது, ஏன் கூடுகிறது, உங்களுக்கும் எனக்கும் இதனால் என்ன வரப்போகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். அதையும் ஆயிரம் பங்கு போட்டால் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80 மைக்ரோமீட்டர், ரத்தச் சிவப்பணுவின் அகலம் 7 அல்லது 8. இங்கே பேசும் துகள்களில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான். பெயரில் 'நானோ' இருந்தாலும் முழுக்க நானோ அளவில் இருப்பவை குறைவு. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. சற்று நேரத்தில் வருகிறேன்.

இவ்வளவு சிறிய பொருள் நீரில் நீந்துவது எளிதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். நீங்கள் குளத்தில் ஒருமுறை கையை வீசிவிட்டுச் சும்மா இருந்தால், அந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் முன்னே போவீர்கள். உங்கள் உடம்பின் நிறை உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு மைக்ரோமீட்டர் துகளுக்கு அந்த வசதி கிடையாது. அதற்குத் தண்ணீரே கெட்டி வெல்லப்பாகு. உந்துதல் நின்ற கணமே அது நின்றுவிடும்.

அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்டு பர்செல் 1977-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நீந்திக்கொண்டிருக்கும் ஒரு பாக்டீரியா சட்டென்று நீந்துவதை நிறுத்தினால், அதற்குப் பிறகு அது சறுக்கிப் போகும் தூரம் ஓர் அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சிப்பி திறந்து மூடுவதுபோல முன்னும் பின்னும் ஒரே மாதிரி அசையும் எந்த உறுப்பும் அந்த அளவில் பயன்படாது என்பதையும் அவர் விளக்கினார். முன்னே போன அளவு பின்னே வந்துவிடும். ஆகவே படகின் துடுப்பைச் சின்னதாக்கிப் பொருத்தினால் வேலை நடக்காது. வேறு வழி வேண்டும்.

இரண்டாவது தொல்லையும் உண்டு. நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் எல்லாப் பக்கமிருந்தும் துகளை மோதிக்கொண்டே இருக்கின்றன. அதனால் துகள் தானாகவே நடுங்கும், திரும்பும். இதைப் பிரௌன் அசைவு (நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத தடுமாற்றம்) என்பார்கள். தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 1827-இல் நுண்ணோக்கியில் கண்டது. காரணத்தை 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்கோடு விளக்கினார். உங்கள் பிள்ளையின் பள்ளியில் 400 மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்ணோக்கி இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஒரு சொட்டுப் பாலை நிறையத் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மூடிப் பாருங்கள். பாலின் கொழுப்புத் துளிகளில் மிகச் சிறியவை இடைவிடாமல் துடிப்பது தெரியும். அவற்றுக்கு உயிர் இல்லை, மோட்டாரும் இல்லை.

இந்தத் தடுமாற்றம் துகள் சிறுக்கச் சிறுக்க மோசமாகும். ஒரு மைக்ரோமீட்டர் உருண்டை ஒன்று, தான் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதை ஏறத்தாழ ஒரு நொடியில் இழந்துவிடும். அதையே பத்தில் ஒரு பங்காக, 100 நானோமீட்டராகச் சுருக்கினால், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே திசை மாறிவிடும். எவ்வளவு வலுவாக உந்தினாலும் அது நேராகப் போகாது. இருந்த இடத்தைச் சுற்றியே அலையும். மோட்டார்கள் பெரும்பாலும் மைக்ரோமீட்டர் அளவில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் ஒளி எப்படி ஓட்டுகிறது?

வெளிச்சம் துகளைத் தள்ளுவதில்லை. பலரும் இங்கே குழம்புகிறார்கள். ஒளிக்கும் தள்ளும் விசை உண்டுதான், ஆனால் இந்த மோட்டார்கள் அதை நம்பி இல்லை. ஒளி செய்வது, துகளின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு வேதிவினையைத் தொடங்கிவைப்பது, அல்லது ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்குவது. இரு பக்கமும் சமமில்லாமல் போவதுதான் இதில் எல்லாமே.

அதற்காகவே இரட்டைமுகத் துகள்கள் (பாதி ஒரு பொருளாலும் மறுபாதி இன்னொரு பொருளாலும் ஆன உருண்டை) செய்கிறார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் பெயின்ட்டுக்கும் பற்பசைக்கும் வெண்மை தருவது இதுதான். அதன் நுண்ணிய உருண்டைகளை ஒரே அடுக்காகப் பரப்பி, மேலிருந்து தங்க ஆவியைப் படியவிட்டால், மேல் பாதியில் மட்டும் தங்கம் ஒட்டும். கீழ்ப்பாதி வெள்ளையாகவே இருக்கும்.

இந்த உருண்டை மேல் புறஊதா ஒளி (நம் கண்ணுக்குத் தெரியாத, ஊதாவுக்கு அப்பால் உள்ள ஒளி) விழுந்தால், வெள்ளைப் பக்கத்திலுள்ள எலெக்ட்ரான்கள் கிளம்பித் தங்கத்தின் பக்கம் போய்விடும். எலெக்ட்ரானை இழந்த பக்கம் நீரை உடைத்து ஹைட்ரஜன் அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) வெளியே விடும். தங்கத்தின் பக்கம் அவற்றை வாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் அயனி மிகுதி, மறுபக்கம் குறைவு. இந்த வேறுபாட்டால் துகளைச் சுற்றி ஒரு சின்ன மின்புலம் உண்டாகும். துகளின் மேற்பரப்பிலும் மின்னூட்டம் இருப்பதால் அந்தப் புலம் துகளை நகர்த்தும். மின்புலத்தை உண்டாக்குவதும் துகள், அதில் ஓடுவதும் துகள். வெளிச்சம் போனால் வினை நிற்கும், புலம் மறையும், ஓட்டமும் நிற்கும்.

ஒளியே இல்லாமல் ஓடும் மோட்டார்கள் இதற்கு முன்பே வந்துவிட்டன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆயுஷ்மான் சென், தாமஸ் மல்லுக் குழுவினர் 2004-இல் பாதி தங்கம், பாதி பிளாட்டினமாக 2 மைக்ரோமீட்டர் நீளக் கம்பிகளைச் செய்து ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டார்கள். காயம் கழுவ மருந்துக் கடையில் வாங்குவோமே, நுரைத்துப் பொங்குவது, அதுதான். கம்பிகள் நொடிக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் ஓடின. ஆனால் எரிபொருள் இருக்கும்வரை அவை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த ஒரு பொத்தான் கிடையாது.

ஒளி தந்தது அந்தப் பொத்தானைத்தான். என் கணிப்பில் இந்தத் துறையின் முழு மதிப்பும் அதில்தான் இருக்கிறது. வேகம் மற்ற முறைகளிலும் கிடைக்கும். எந்த இடத்தில், எந்த நொடியில், எவ்வளவு என்று துல்லியமாகக் கட்டுப்படுத்துவதை ஒளிபோல எளிதாகச் செய்யும் வழிகள் குறைவு.

சரி, கூட்டம் கூடுவது எப்படி?

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜெரெமி பலாச்சி, பால் சைக்கின், டேவிட் பைன் முதலானோர் 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அவர்களுடைய துகள் ஒரு பிளாஸ்டிக் உருண்டை. அதற்குள் பாதி புதைந்தபடி ஒரு சிறு கனசதுரம் வெளியே எட்டிப் பார்க்கும். அந்தக் கனசதுரம் ஹெமடைட், அதாவது துருவோடு உறவுள்ள ஓர் இரும்பு ஆக்சைடு. இத்துகள்களைப் பெராக்சைடு கலந்த நீரில் விட்டால் அடியில் போய் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். நீல ஒளியைப் போட்டதும் ஹெமடைட் பெராக்சைடைச் சிதைக்கத் தொடங்கும். துகள்கள் தளத்தின் மேல் ஓடத் தொடங்கும்.

ஓடியவை ஒன்றையொன்று மோதின. மோதியவை ஒட்டின. அறுகோண வரிசையில் அழகாக அடுக்கப்பட்ட தட்டையான கூட்டங்கள் உண்டாயின. அந்தக் கூட்டங்கள் நகர்ந்தன, சுழன்றன, பிளந்தன, உடைந்த துண்டுகள் வேறு கூட்டத்தோடு சேர்ந்தன. ஒளியை அணைத்தார்கள்; கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலைந்து பழையபடி தனித்தனித் துகள்களாகிவிட்டன. மறுபடி ஒளி, மறுபடி கூட்டம். அவர்கள் இதை 'உயிருள்ள படிகம்' என்றே அழைத்தார்கள்.

உயிர் இல்லாதவை ஏன் ஒன்று சேர வேண்டும்? இரண்டு காரணங்கள். ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ள எரிபொருளைத் தின்பதால் அங்கே ஒரு வேதிக் குறைவு உண்டாகிறது. அந்தக் குறைவு அக்கம்பக்கத்துத் துகள்களை இழுக்கிறது. கூடவே, ஓடிக்கொண்டே இருக்கும் துகள்கள் எதிரெதிரே மோதிக்கொண்டால் உடனே விலக முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் மூன்றாவது வந்து சேரும். யாரும் கட்டளையிடவில்லை, எந்தத் துகளும் மற்றதைப் 'பார்க்கவில்லை'.

இதே சென், மல்லுக் குழு 2009-இல் சில்வர் குளோரைடு துகள்களில் இன்னொன்றைக் காட்டியது. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாளில் பூசப்பட்ட வெள்ளி உப்புகளின் இனம் அது. நீரில் போட்டுப் புறஊதா ஒளி காட்டினால் அது மெல்லச் சிதைந்து அயனிகளை விடும். அந்த அயனிகளே சைகைபோலச் செயல்பட்டு மற்றத் துகள்களைக் கூட்டின. தாமாக ஓடத் தெரியாத மணல்துகள் போன்ற சிலிக்கா உருண்டைகளைக் கலந்தபோது, அவையும் வந்து சில்வர் குளோரைடைச் சூழ்ந்துகொண்டன. ஆனால் இந்தத் துகள் ஓட ஓடத் தன்னையே தின்று தீர்க்கிறது.

கூட்டம் சேர்ந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மைக்ரோமீட்டர் உருண்டை முழுவதும் மருந்தாகவே இருந்தால்கூட, ஒரு மில்லிகிராம் மருந்து சேர்க்க ஏறத்தாழ 200 கோடி உருண்டைகள் வேண்டும். தனி ஒரு துகள் உடம்புக்குள் எதையும் மாற்றிவிட முடியாது. அதை ஸ்கேனில் பார்க்கவும் முடியாது. ஆகவே கூட்டமாக நடத்தத் தெரியாதவரை இது வேடிக்கைப் பொருள்தான்.

கூட்டத்தை நாம் நினைத்த திசையில் திருப்ப முடியுமா?

முடிகிறது, ஆய்வகத்தில். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் ஜின்யாவ் டாங் குழு 2016-இல் ஒரு நுண்மரம் செய்தது. சிலிக்கனில் தண்டு, அதன் நுனியில் டைட்டானியம் டை ஆக்சைடில் கிளைகள். பக்கவாட்டில் ஒளி அடித்தால் ஒளிபட்ட கிளைகளில் மட்டும் வினை நடக்கும். நிழலில் இருப்பவை சும்மா இருக்கும். அந்த வேறுபாட்டால் மரம் தானாகத் திரும்பி ஒளியை நோக்கி நிற்கும், பிறகு அந்தத் திசையிலேயே போகும். மேற்பரப்பின் வேதித்தன்மையை மாற்றினால் ஒளியை விட்டு விலகியும் ஓடும். பச்சைப் பாசிகள் கண் இல்லாமல் வெளிச்சத்தைத் தேடிப்போவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

அதே குழு 2023-இல் 'நேச்சர்' இதழில் காட்டியது எனக்கு இன்னும் பிடித்தது. மூன்று விதச் சாயம் ஏற்றிய துகள்களைக் கலந்து ஒரு கருமையான கலவை. எந்த நிற ஒளி விழுகிறதோ அதை உறிஞ்சும் துகள்கள் மட்டும் வினைபுரிந்து மற்றவற்றிலிருந்து மேலும் கீழுமாகப் பிரிகின்றன. கலவையின் மேற்புறம் விழுந்த ஒளியின் நிறத்தையே காட்டுகிறது. வண்ணப்படம் ஒன்றை அதன்மேல் வீழ்த்தினால் கலவை அந்தப் படத்தை வரைந்துகொள்ளும். நானோமோட்டார்களின் முதல் பயன் மருத்துவத்தில்தான் வரும் என்று எல்லோரும் பேசும்போது, ஒளி தானாக எட்டும் ஒரு திரையில் அவை முந்திக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. 'அறிவுள்ள திரள்' என்று படித்தால் அறிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளெமன்ஸ் பெக்கிங்கர் குழு 2019-இல் துகள்கள் அக்கம்பக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பதுபோலக் கூடும் சோதனையைச் செய்தது. ஒவ்வொரு துகளின் 'பார்வையில்' எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேமரா வழியே கணினி எண்ணியது. அதற்கேற்ப லேசரை ஒவ்வொரு துகள்மேலும் கூட்டிக் குறைத்தது. கண்ணும் மூளையும் மேசைமேல் இருந்தன. அருமையான சோதனை, ஏனென்றால் பறவைக் கூட்டம் எவ்வளவு குறைந்த விதிகளால் உருவாகலாம் என்று அது காட்டியது. ஆனால் துகள் தானாகச் சிந்தித்தது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம்: இது மருத்துவத்துக்கு எப்போது வரும்?

ஒளியால் ஓடும் மோட்டாரை வைத்துச் சிகிச்சை தரும் நிலை இன்று எங்கும் இல்லை. மூன்று சுவர்கள் எதிரே நிற்கின்றன.

முதல் சுவர் உங்கள் உடம்பே. இருட்டறையில் செல்போன் டார்ச்சை விரல்நுனியில் அழுத்திப் பிடியுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். நீலமும் பச்சையும் ரத்தத்திலும் சதையிலும் மறைந்துபோக, சிவப்பு மட்டும் மிஞ்சி வெளிவருகிறது. கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் இதனால்தான் சிவப்பையும் அகச்சிவப்பையும் (சிவப்புக்கு அப்பால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளி) பயன்படுத்துகிறது. இப்போது டார்ச்சை வயிற்றில் வைத்துப் பாருங்கள். மறுபக்கம் எதுவும் வராது. அகச்சிவப்பே சில மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போவதற்குள் பெருமளவு மங்கிவிடும். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு வேண்டிய புறஊதா தோலைத் தாண்டுவதே இல்லை. போகும் இடத்தில் செல்களின் மரபுப் பொருளுக்கும் கேடு செய்யும்.

இரண்டாவது சுவர் உப்பு. முன்னே சொன்ன மின்புலம் நினைவிருக்கிறதா? நீரில் உப்பு இருந்தால் அதன் அயனிகள் அந்தப் புலத்தை மூடி மறைத்துவிடும். தூய நீரில் பாய்ந்த துகள் உப்பு நீரில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நம் ரத்தத்தில் ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 9 கிராம் உப்புக்கு நிகரான அயனிகள் இருக்கின்றன.

மூன்றாவது சுவர் ரத்த ஓட்டம். மிகச் சன்னமான ரத்த நாளங்களில்கூட ரத்தம் நொடிக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் போகிறது. நம் மோட்டார் நொடிக்கு 10 மைக்ரோமீட்டர். ஐம்பது மடங்கு வேகமான ஆற்றை எதிர்த்து நீந்தச் சொல்வதாகும். பெரிய நாளங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். 10 மைக்ரோமீட்டர் வேகத்தில் அசையாத நீரில் நேராகப் போனால்கூட ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர்தான்.

ஆகவே 'ரத்தத்தில் நீந்திப் புற்றுநோயைத் தேடிச் செல்லும்' என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் நிறுத்திப் படியுங்கள்.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. உப்பு என்ற சுவரில் விரிசல் விழுந்துவிட்டது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2022-இல், கார்பன் நைட்ரைடு என்ற கரிமப் பொருளில் துளைகள் நிறைந்த துகள்கள் செய்தார்கள். உப்பு அயனிகள் துளைகளுக்குள் புகுந்து போவதால் புலம் முழுக்க மூடப்படுவதில்லை. செல்களை வளர்க்கும் திரவங்களிலும் அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியால் ஓடின. புற்றுநோய் மருந்தான டாக்ஸோரூபிசினையும் ஏற்றி, வேண்டும்போது விடச் செய்தார்கள். இவை எல்லாம் கண்ணாடித் தட்டில் நடந்தவை. என்றாலும் இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் முன்னேற்றம் இதுதான், ஏனென்றால் படம் காட்டுவதை விட்டுவிட்டு உண்மையான தடையோடு மோதியது.

வெளிச்சம் எட்டும் இடங்களும் உடம்பில் உண்டு. கண், தோல், வாய், பல், குழாய்க் கேமரா நுழையும் இரைப்பை, சிறுநீர்ப்பை. இவற்றில் ரத்த ஓட்டத்தை எதிர்க்க வேண்டியதும் இல்லை. ஒளி மோட்டார் மருத்துவத்துக்கு வருமானால் முதலில் இந்த வாசல்கள் வழியாகத்தான் வரும்.

மற்ற முறைகள் இதைவிட முன்னே இருக்கின்றனவா? ஆமாம். பார்சலோனாவில் சாமுவேல் சான்செஸ் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரில் உள்ள யூரியாவையே எரிபொருளாக்கி ஓடும் துகள்கள் கதிரியக்க அயோடினைச் சுமந்து போய், எலிகளின் சிறுநீர்ப்பைக் கட்டிகளை 90 சதவீதம் சுருக்கின. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அம்பரிஷ் கோஷ் குழு காந்தப்புலத்தால் சுழலும் நுண்திருகுகளைப் பல்லின் நுண்குழல்களுக்குள் செலுத்திக் காட்டியிருக்கிறது. காந்தப்புலம் உடம்பை ஊடுருவும். ஒளிக்கு இல்லாத வசதி அது. எலியில் வென்றது மனிதரில் வெல்ல இன்னும் பல படிகள் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தண்ணீரைச் சுத்தம் செய்ய உதவுமா?

இதில் அறிவியல் நியாயம் வலுவாக இருக்கிறது. ஒளிபட்ட டைட்டானியம் டை ஆக்சைடு தன் மேல் ஒட்டும் சாயம், பூச்சிமருந்து, கிருமி ஆகியவற்றைச் சிதைக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்தது. துகள் நகர்ந்தால் அதுவே கலக்கியாகவும் ஆகிறது. அழுக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். பிராகாவில் மார்ட்டின் புமேரா குழு, இரும்பு ஆக்சைடு சேர்த்த துகள்களைக் கொண்டு நீரிலுள்ள நுண்பிளாஸ்டிக் துணுக்குகளைப் பிடித்து, பிறகு காந்தத்தால் வெளியே இழுத்துக் காட்டியது. அந்தக் கடைசிப் படி முக்கியம். போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லாத எந்தத் துகளையும் குடிநீரில் போடக் கூடாது.

திருப்பூர்ச் சாயக்கழிவுக்கு இது ஆகுமா என்று நம்மில் யாரும் கேட்கலாம். கழிவைச் சுத்திகரிக்கத் தவறியதற்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊர் அது. நொய்யல் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாயக்கழிவு அடர்ந்த நிறம் கொண்டது, ஒளி சில மில்லிமீட்டரிலேயே தடைபடும். சாயம் ஏற்றக் கொட்டிய உப்பும் அதில் நிறைய. ஒளி மோட்டாருக்கு ஆகாத இரண்டும் ஒரே தொட்டியில். மேலும் பெரிய தொட்டியைக் கலக்க ஒரு சாதாரண மின்மோட்டார் போதும். நுண்மோட்டாருக்கு வேலை இருப்பது, கலக்கும் கருவி நுழைய முடியாத இடத்தில்: மண்ணின் துளைகளில், நுண்குழாய்களில், ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதிக்கும் சில்லில். 'நதியைச் சுத்தம் செய்யும் நானோ ரோபோ' என்று யாராவது திட்ட அறிக்கையோடு வந்தால் உப்பையும் கலங்கலையும் பற்றிக் கேளுங்கள்.

வெயிலே போதாதா? பாதி உண்மை. தரைக்கு வரும் வெயிலில் புறஊதா ஏறத்தாழ 5 சதவீதம்தான். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஓடும் பொருள்களைத் தேடுகிறார்கள்.

தடுப்பூசிக்குள் நானோ ரோபோ வைத்து போன் வழியாக நம்மை இயக்குகிறார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்ததே, அதற்கு இதில் ஆதாரம் இருக்கிறதா?

இல்லை. இதுவரை சொன்னதை வைத்தே நீங்கள் பதில் சொல்லலாம். இந்தத் துகளில் சிப் கிடையாது, சிக்னல் வாங்கும் ஆன்டெனா கிடையாது, நினைவகம் கிடையாது. ஓட ஒளி வேண்டும். கைத்தசைக்குள் போட்ட ஊசிமருந்தை ஒளி எப்படி எட்டும்? எட்டினாலும் உப்பு நிறுத்திவிடும். சில கொரோனாத் தடுப்பூசிகளில் நானோதுகள் இருப்பது உண்மை. அவை மரபுக் குறிப்பைச் சுற்றிய கொழுப்பு உருண்டைகள், நீந்தாதவை, சில நாளில் கரைந்துபோகிறவை. பயந்திருக்கும் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கேலி செய்தால் அடுத்த ஊசிக்கு வரமாட்டார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. 'நானோ சிகிச்சை' என்று சொல்லிப் பணம் கேட்கும் விளம்பரங்கள். நானோதுகளில் அடைத்த மருந்து உண்மையானது. டாக்ஸோரூபிசினைக் கொழுப்பு உறைக்குள் அடைத்த டாக்சில் என்ற மருந்து அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி பெற்றது. ஒளியால் கட்டியைத் தாக்கும் ஒளிவினைச் சிகிச்சையும் (ஒளிபட்டதும் செயல்படும் மருந்தை முதலில் ஏற்றி, பிறகு அந்த இடத்தில் ஒளி பாய்ச்சுவது) மருத்துவமனைகளில் நடப்பதுதான். இவை எதிலும் நீந்தும் மோட்டார் இல்லை. ரத்தத்தோடு மிதந்து போகிறவை அவை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒன்றைப் பரிந்துரைத்தால், மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், அது அனுமதி பெற்றதா, ஆய்வுக் கட்டத்தில் உள்ளதா என்று கேளுங்கள். ஆய்வுக் கட்டம் என்றால் உங்களிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். சோதனை மருந்துக்கு உங்களிடம் விலை கேட்டால் எச்சரிக்கையாகுங்கள்.

செய்தியைப் படிக்கும்போதும் அதே பழக்கம் உதவும். எந்த நீர்மத்தில் ஓடியது: தூய நீரிலா, பெராக்சைடிலா, ரத்தத்திலா? எந்த ஒளி, எவ்வளவு ஆழம்? கண்ணாடித் தட்டா, எலியா, மனிதரா? வேலை முடிந்ததும் துகள் எங்கே போனது? இந்தக் கேள்விகளுக்குச் செய்தியில் பதில் இருந்தால் எழுதியவர் ஆய்வுக் கட்டுரையைப் படித்திருக்கிறார் என்று நம்பலாம்.

இந்தப் பொருள்களால் ஆபத்து உண்டா? பொருளைப் பொறுத்தது. வெள்ளி அயனிகள் கிருமியைக் கொல்லும், நீர்வாழ் உயிர்களையும் தாக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு பெயின்ட்டிலும் வெயில் தடுப்புக் களிம்பிலும் இருக்கிறது. ஆனால் உணவில் நிறத்துக்காகச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடைசெய்தது, மரபுப் பொருளுக்குக் கேடு இருக்காது என்று உறுதிசொல்ல முடியாததால். மோட்டாராக உடம்புக்குள் போகும் எதுவும் கரைந்து வெளியேறும் பொருளாக இருக்க வேண்டும். அதற்கான தேடல், ஓட்டத்தைக் காட்டும் ஆய்வுகளைவிடப் பின்தங்கியே இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி, பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து: இதைப் படிக்க என்ன பாடம் எடுப்பது? 'நானோ' என்று பெயரிட்ட பட்டம்தான் வேண்டும் என்றில்லை. இத்துறையில் பெயர் பெற்றவர்கள் வேதியியல், இயற்பியல், பொருளறிவியல், இயந்திரப் பொறியியல் என்று பல வழியில் வந்தவர்கள். ஆயுஷ்மான் சென் வேதியியலாளர், பெக்கிங்கர் இயற்பியலாளர். இளநிலையில் இயற்பியலோ வேதியியலோ ஒன்றை ஆழமாகப் படித்து, நுண்ணோக்கியில் கைபழகி, படங்களிலுள்ள துகள்களின் ஓட்டத்தைக் கணினியில் அளக்கக் கற்றுக்கொண்டால் முதுநிலையில் எந்த ஆய்வகமும் கதவைத் திறக்கும். பால்துளி சோதனையில் கொழுப்புத் துளிகள் துடிப்பதை ஒரு செல்போனில் படம்பிடித்து, ஒரு துளி ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் விலகுகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு எந்தக் கட்டணமும் இல்லை, ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.